குடிச்சப்போ நடந்தது விடிஞ்சா ஏன் மறந்து போகுது?



குழுக் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு, நோட்டை மூடி வைத்துவிட்டு நீங்கள் பேசுகிற பேச்சுதான் எனக்கு முக்கியமாகப் படும். அந்தப் பேச்சில் மூன்று கேள்விகள் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று: "ராத்திரி அவ்வளவு ஆட்டம் ஆடிட்டு, காலையில எழுந்து 'நானா செஞ்சேன்?'னு கேக்குறாரு. நெசமாவே மறந்து போச்சா, இல்ல நடிக்கிறாரா?"

இரண்டு: "தவணைப் பணத்தைக் குடுத்து அனுப்பினேன். குடிச்சுட்டு வந்து, யார்கிட்ட குடுத்தேன்னே தெரியலைங்கிறாரு. அந்தப் பணத்தை எப்படித் தேடுறது?"

மூன்று: "நான் தூக்க மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்து எதுவுமே மண்டையில நிக்க மாட்டேங்குது. எதனால?"

மூன்றும் வேறு வேறு கேள்வி போலத் தெரியும். ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். போதைப் பொருளோ, மயக்கம் தருகிற மருந்தோ உடம்பில் இருக்கும்போது, நம் மூளை ஒரு விஷயத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது, பிறகு எப்படி நினைவுக்குக் கொண்டு வருகிறது என்பதுதான் அது. இதை ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை நாம் தெரிந்துகொண்டால் வீட்டிலும் குழுவிலும் பல இடங்களில் உதவும்.

ஞாபகம் என்பது நம்ம தீர்மான நோட்டு மாதிரி

நம் குழுவில் ஒரு தீர்மானம் போடுகிறோம். முதலில் அதை நோட்டில் எழுத வேண்டும். எழுதிய நோட்டைப் பெட்டியில் பத்திரமாக வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால், அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்க வேண்டும். எழுதுவது, வைப்பது, எடுப்பது என்ற இந்த மூன்றும் சரியாக நடந்தால்தான் "ஞாபகம் இருக்கு" என்று சொல்ல முடியும்.

இப்போது யாரோ ஒருவர் "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொன்னால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நோட்டில் எழுதவே இல்லை. அப்படியென்றால் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. இன்னொன்று, எழுதியிருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியென்றால் சரியான வழியில் தேடினால் கிடைக்கும். சாராயம் இந்த இரண்டையும் செய்யும். எது எப்போது என்பதுதான் விஷயம்.

பொட்டலத்தைத் தொலைத்த சுமைதூக்கி

சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்து நாட்டில் ஜார்ஜ் கோம்ப் என்று ஒருவர் இருந்தார். மூளையைப் பற்றி எழுதியவர். அவருடைய கொள்கைகள் பலவும் தப்பு என்று பின்னால் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் எழுதி வைத்த ஒரு சம்பவத்தை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துச் சொல்கிறார்கள்.

அயர்லாந்துக்காரர் ஒருவர் குடோனில் சுமை தூக்குகிற வேலை பார்த்தார். குடித்தபோது செய்தது எதுவும் தெளிந்த பிறகு அவருக்கு ஞாபகம் இருக்காது. ஒருநாள் போதையில் விலை உள்ள பொட்டலம் ஒன்றைத் தொலைத்துவிட்டார். தெளிந்த பிறகு எங்கே வைத்தார் என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த தடவை குடித்தபோது, இன்ன வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைவு வந்துவிட்டது. போய்க் கேட்டால், பொட்டலத்தின் மேல் விலாசம் இல்லாததால் அந்த வீட்டுக்காரர்கள் அப்படியே பத்திரமாக வைத்திருந்தார்களாம்.

கேட்கக் கதை மாதிரி இருக்கிறது, இல்லையா? இந்த விஷயத்தைக் கதைக்காரர்களும் சினிமாக்காரர்களும் விடவில்லை. சார்லி சாப்ளின் 1931-ல் எடுத்த 'சிட்டி லைட்ஸ்' படத்தில் ஒரு பணக்காரர் வருவார. குடித்திருக்கும்போது சாப்ளினைக் கட்டிப் பிடித்து "நீதான் என் உயிர் நண்பன்" என்பார். போதை தெளிந்ததும் "யார் இவன்? வெளியே தள்ளு" என்பார். மறுபடி குடித்தால் மறுபடி நண்பன். நாம் சிரித்துப் பார்த்த அந்தக் காட்சிக்குள் உண்மை கொஞ்சம் இருக்கிறது.

சோதனை செய்து பார்த்தார்கள்

ஒரு ஆளுக்கு நடந்ததை வைத்து எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். 1964-ல் டொனால்ட் ஓவர்ட்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், எலிகளுக்கு மயக்கம் தரும் மருந்தைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கப் பழக்கினார். மருந்தோடு கற்றுக்கொண்ட எலி, மருந்து இல்லாதபோது அந்த வழி தெரியாமல் தடுமாறியது. மறுபடி மருந்து கொடுத்தால் வழி தெரிந்தது.

பிறகு 1969-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்ற ஊரில் டொனால்ட் குட்வின் என்ற மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் மனிதர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். தாங்களாக முன்வந்த 48 ஆண்கள் அதில் கலந்துகொண்டார்கள். முதல் நாள் சிலர் மது குடித்த நிலையில் சொற்களையும் வாக்கியங்களையும் மனப்பாடம் செய்தார்கள். சிலர் குடிக்காமல் செய்தார்கள். 24 மணி நேரம் கழித்து எல்லாரையும் மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டாம் நாளும் சிலருக்கு மது, சிலருக்கு இல்லை. ஆக நாலு வகை ஆட்கள்:

1. இரண்டு நாளும் குடிக்காதவர்.
2. இரண்டு நாளும் குடித்தவர்.
3. குடித்துக் கற்று, தெளிவில் பதில் சொன்னவர்.
4. தெளிவில் கற்று, குடித்துப் பதில் சொன்னவர்.

என்ன ஆனது? குடித்துக் கற்று, தெளிவில் பதில் சொன்னவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். இரண்டு நாளும் குடித்தவர்கள் அவர்களைவிட நன்றாகச் சொன்னார்கள். அதாவது, உடம்பும் மூளையும் எந்த நிலையில் இருந்தபோது ஒரு விஷயம் உள்ளே போனதோ, அதே நிலை திரும்ப வந்தால் அது சுலபமாக வெளியே வருகிறது. நிலை மாறினால் பக்கம் கிடைப்பதில்லை.

"அப்போ தொலைஞ்ச பணத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு குவார்ட்டர் வாங்கிக் குடுக்கணுமா?" என்று யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வேண்டவே வேண்டாம்! காரணம் சொல்கிறேன்.

அந்தச் சோதனையிலேயே மொத்தத்தில் நன்றாகச் செய்தவர்கள் இரண்டு நாளும் குடிக்காதவர்கள்தான். மது எழுதுகிற கையையே நடுங்க வைத்துவிடுகிறது. அரைகுறையாக எழுதியதை அதே போதையில் கொஞ்சம் கூடுதலாகப் படிக்க முடிகிறது, அவ்வளவுதான். அதோடு, மறுபடி குடித்தால் புதிதாக இன்னும் நாலு விஷயம் மறக்கும். குடிக்காமலேயே அந்தப் பக்கத்தைத் தேட வேறு வழி இருக்கிறது.

அடி எடுத்துக் கொடுத்தால் பாட்டு வரும்

நடவு வயலில் ஒரு பாட்டு மறந்துபோய் நிற்கும்போது பக்கத்தில் இருக்கிறவர் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் மீதிப் பாட்டு தானாக வந்துவிடுகிறது அல்லவா? இங்கேயும் அதேதான்.

1969 சோதனையில் இன்னொரு பரீட்சையும் வைத்தார்கள். முதல் நாள் படங்களைக் காட்டி, மறுநாள் "நேற்றுப் பார்த்த படம் இதில் எது?" என்று எடுக்கச் சொன்னார்கள். இதில் நிலை மாறியதால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஏனென்றால் படம் கண் முன்னாலேயே இருக்கிறது. அதுவே அடி எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

1975-ல் எரிக் ஐக் என்பவரும் மற்றவர்களும் கஞ்சாவை வைத்து இதே மாதிரி சோதனை செய்தார்கள். வகை வகையாகப் பிரித்த சொற்களைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு சும்மா "ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது, நிலை மாறியவர்கள் தடுமாறினார்கள். ஆனால் "இந்த வகையில் என்னென்ன இருந்தது?" என்று வகையின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது அந்தத் தடுமாற்றம் மறைந்துவிட்டது. நாம் காய்கறிப் பட்டியலை மறந்து நிற்கும்போது "கீரை வகை என்ன சொன்னாங்க? கிழங்கு என்ன சொன்னாங்க?" என்று யோசித்தால் வருகிற மாதிரி.

இதில் இருந்து நமக்குக் கிடைக்கிற பாடம்: போதையில் பணம் கொடுத்ததோ, பொருள் வைத்ததோ மறந்துவிட்டது என்றால், காலையில் திட்டிக்கொண்டே "எங்கே? எங்கே?" என்று கேட்டுப் பயன் இல்லை. அமைதியாக உட்கார வைத்து அடி எடுத்துக் கொடுங்கள். "வீட்டை விட்டுக் கிளம்பும்போது எந்தச் சட்டை? முதல்ல எங்க நின்னீங்க? கூட யாரு இருந்தாங்க? டீக்கடையில உட்கார்ந்தீங்களா?" என்று வரிசையாகக் கேளுங்கள். முடிந்தால் போன வழியில் திரும்ப ஒரு நடை நடந்து வரச் சொல்லுங்கள். கூட இருந்தவர்களையும் தனியாக விசாரியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "மாமாகிட்டதானே குடுத்தீங்க? அவர்தானே?" என்று பதிலை நாமே வாயில் திணிக்கக் கூடாது. அரைகுறை ஞாபகத்தில் இருப்பவர் "ஆமா ஆமா, அவர்தான்" என்று நம்பியே சொல்லிவிடுவார். வீண் பழி, வீண் சண்டை. கேள்வியை மட்டும் கேளுங்கள், பதிலைக் கொடுக்காதீர்கள்.

எழுதவே படாத பக்கம்

எத்தனை அடி எடுத்துக் கொடுத்தாலும் வராத மறதியும் உண்டு. அது வேறு வகை.

நம் மூளைக்குள் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. கடல்குதிரை போன்ற வடிவம் என்பதால் அந்தப் பெயர். அன்றன்று நடப்பதை நீண்ட நாள் ஞாபகமாக எழுதி வைக்கும் வேலைக்கு அதுதான் எழுத்தர். ரத்தத்தில் மது வேகமாக ஏறினால் அந்த எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். வெறும் வயிற்றில் மடமடவென்று குடிக்கிறவர்களுக்கு இது அதிகம் நடக்கும். மற்ற பகுதிகள் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அவர் பேசுவார், சண்டை போடுவார், வண்டிகூட ஓட்டுவார். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் எதுவும் பதிவாகாது.

இதையும் அதே குட்வின் சோதித்தார். அதிகம் குடிக்கும் பழக்கம் உள்ள ஆண்களுக்கு நிறைய மது கொடுத்து, குழந்தைகள் விளையாடும் பொம்மைகள் போன்றவற்றைக் காட்டினார். இரண்டு நிமிஷம் கழித்துக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சரியாகச் சொன்னார்கள். 30 நிமிஷம் கழித்துக் கேட்டால் பாதிப் பேருக்குப் பொம்மையைக் காட்டியதே தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை.

ஆக, முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: நிஜமாகவே மறந்தும் இருக்கலாம். எல்லாரும் நடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சகோதரிகளே, இதோடு நிறுத்திவிடாதீர்கள். இதற்கு அடுத்தது இன்னும் முக்கியம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றால் மன்னிப்பா?

பொம்மைச் சோதனையை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். இரண்டு நிமிஷம் கழித்துக் கேட்டபோது அந்த ஆள் சரியாகச் சொன்னார். அதாவது, அந்த நேரத்தில் தன் கண் முன் நடப்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பிறகுதான் அது நிற்கவில்லை.

எனவே காலையில் "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை" என்பது உண்மையாகவே இருந்தாலும், "ராத்திரி நான் என்ன செய்றேன்னு எனக்குத் தெரியாம செஞ்சேன்" என்று அதற்கு அர்த்தம் கிடையாது. மறந்து போனது அவருக்கு. அடி வாங்கிய உடம்புக்கு மறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு மறக்கவில்லை. நம்மில் பலர் "பாவம், அவருக்கே தெரியாது" என்று சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கில் பொறுத்துப் போகிறோம். இன்னும் சிலர், அவருக்கு மறந்துவிட்டது என்றவுடன் "ஒருவேளை நான்தான் பெருசா எடுத்துக்கிட்டேனோ" என்று தன்னையே சந்தேகப்படுகிறார்கள். அவருடைய நோட்டில் எழுதப்படவில்லை என்பதால் நடந்தது நடக்காததாகிவிடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 85, 86 பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, 24 பிரிவுகளில் இருக்கிறது. ஒருவருக்குத் தெரியாமலோ, அவர் விருப்பத்துக்கு மாறாகவோ யாராவது போதை கொடுத்து, அதனால் புத்தி தெளிவில்லாமல் ஒன்றைச் செய்துவிட்டால் அதற்கு விலக்கு உண்டு. தானாக வாங்கிக் குடித்தவருக்கு அந்த விலக்கு கிடையாது. குடும்ப வன்முறையில் இருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 இருக்கிறது. அதிலும் குடிபோதை ஒரு சாக்கு ஆகாது.

அவர் ஞாபகத்தை நம்ப முடியாது என்பதால் உங்கள் ஞாபகத்தைப் பத்திரப்படுத்துங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள் என்று அன்றே எழுதி வைத்துவிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஊக்குநரிடமோ நம்பிக்கையான ஒரு உறுப்பினரிடமோ சொல்லி எழுதச் சொல்லுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள்.

போதையில் போட்ட கையெழுத்து

நம் பகுதியில் புரோநோட்டு, அடமானப் பத்திரம், வெற்றுத்தாள் இவற்றில் போதையில் கையெழுத்து வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மறுநாள் அவருக்கு எதில் போட்டார் என்றே தெரியாது.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவில் இதற்கு நேரடியாகவே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் விவரம் புரியாத அளவுக்கு, தனக்கு நல்லதா கெட்டதா என்று யோசிக்க முடியாத அளவுக்குக் குடித்திருப்பவர், அந்தப் போதை இருக்கிற வரைக்கும் ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவர். ஆனால் "அப்போ அவ்வளவு போதையில் இருந்தார்" என்று நிரூபிப்பது சுலபம் இல்லை. அதனால் இப்படி நடந்தது தெரிந்தவுடன் தாமதிக்காமல் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நம் குழுவுக்கும் இது பொருந்தும். கடன் பத்திரத்தில் கணவரோ மகனோ கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், குடித்திருக்கும்போது வாங்காதீர்கள். காலையில், படித்துக் காட்டி, இரண்டு உறுப்பினர் முன்னால் வாங்குங்கள். தவணைப் பணத்தைக் குடிக்கிறவர் கையில் கொடுத்து அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். நேரில் கட்டுங்கள், ரசீதைக் கையோடு வாங்குங்கள்.

மாத்திரையும் மறதியும்: இது நமக்கு

இதுவரை ஆண்களைப் பற்றிப் பேசினோம். இப்போது நம் பக்கம். கவலை, உடம்பு வலி, தூக்கம் இல்லை என்று மருந்துக் கடையில் போய் "தூக்கத்துக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கிப் போடுகிற பெண்கள் நிறைய. அல்பிரசோலம், டயசிபம் போன்ற மருந்துகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. இவையும் அதே எழுத்தர் மேல்தான் வேலை செய்கின்றன. மாத்திரை போட்ட பிறகு நடந்தது, பேசியது பதிவாகாமல் போகலாம். அடுப்பை அணைத்தோமா, பிள்ளைக்கு மருந்து கொடுத்தோமா என்பதே தெரியாமல் போகும். மூன்றாவது கேள்வி கேட்ட சகோதரிக்குப் பதில் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் ஞாபகம் மங்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று விஷயத்தை மனதில் வையுங்கள்:

1. ரொம்ப நாளாகப் போடுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

2. வலிப்பு நோய்க்கோ, மனநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளையும் விடக் கூடாது. ஞாபகம் குறைகிறது என்றால் அதையே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள்.

3. தூக்க மாத்திரையும் மதுவும் சேரவே கூடாது. மூச்சே நின்றுபோகிற ஆபத்து உண்டு.

பிள்ளைகள் படிப்பில் கவனிக்க வேண்டியது

சளிக்கு, தும்மலுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் தூக்கம் வரவழைக்கும். குளோர்பெனிரமின் அப்படி ஒன்று. அதைக் குடித்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தால் மண்டையில் ஏறாது. பரீட்சை நேரத்தில் சளி பிடித்தால், மருத்துவரிடம் "பரீட்சை இருக்கு, தூக்கம் வராத மருந்தா குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். அப்படிப்பட்ட மருந்துகள் இருக்கின்றன.

விடிய விடியக் காபி குடித்துப் படிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பகலில் படித்ததை மூளை உறுதியாக அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். தூக்கத்தைத் தின்றால் படிப்பையும் சேர்த்துத் தின்ற மாதிரி.

வளர்ந்த பையன்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மூளை முழு வளர்ச்சி அடைவது இருபத்தைந்து வயதை ஒட்டித்தான். அதற்குள் மது, கஞ்சா, போதை மாத்திரை பழகினால் எழுதுகிற நோட்டே கிழிகிறது. பையன் திடீரென்று சொன்னதை மறக்கிறான், படித்தது நிற்கவில்லை, கண் சிவந்திருக்கிறது என்றால் அடிப்பதற்கு முன் விசாரியுங்கள். "படிப்பு வரலை" என்று தள்ளிவிடாதீர்கள். காரணம் வேறாக இருக்கலாம்.

குடியை நிறுத்துகிறவர் வீட்டில் இருந்தால்

போதையில் இருப்பவரிடம் ராத்திரி பேசுகிற புத்திமதி பெரும்பாலும் வீண். ஒன்று, எழுதப்படாது. எழுதப்பட்டாலும் தெளிவில் கிடைக்காது. "இனி தொடமாட்டேன், பிள்ளை மேல சத்தியம்" என்று ராத்திரி அழுதுகொண்டே கொடுத்த வாக்கு காலையில் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே ராத்திரியில் வாக்குவாதம் வேண்டாம், பாதுகாப்பாக ஒதுங்கி இருங்கள். காலையில், தெளிவாக இருக்கும்போது, அவர் மதிக்கிற ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இன்னொன்று. வருஷக்கணக்கில் குடித்துக்கொண்டே வேலை செய்தவருக்கு, நிறுத்திய புதிதில் பழகிய வேலையே கைக்கு வராத மாதிரி இருக்கும். கொத்து வேலையோ, மேளமோ, வண்டியோ எதுவானாலும் சரி. "குடிச்சாதான் எனக்கு வேலை ஓடும்" என்பார். கை நடுக்கம் ஒரு காரணம், போதை நிலையிலேயே பழகியது இன்னொரு காரணம். ஊரும் கேலி செய்யும். அந்த நேரத்தில்தான் பலரும் திரும்பக் குடிக்கப் போகிறார்கள். தெளிவான நிலையில் திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகிவிடும். கொஞ்ச காலம் பொறுமையாகக் கூட நில்லுங்கள்.

தினமும் அதிகம் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, பிதற்றல் வரலாம். இது உயிருக்கே ஆபத்து. "பேய் பிடிச்சிருக்கு" என்று வேறு எங்கும் கொண்டு போகாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வருஷக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் குடித்தவர்களுக்கு பி1 வைட்டமின் குறைந்து, நிரந்தர மறதி நோயே வருவதுண்டு. தொடக்கத்திலேயே கவனித்தால் காப்பாற்றலாம். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

உதவிக்கு எண்கள்:
போதை மீட்பு ஆலோசனை: 14446
மகளிர் உதவி எண்: 181
மருத்துவ ஆலோசனை: 104
இலவச சட்ட உதவி: 15100

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

ஊக்குநர்கள் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டிவிட்டு, கீழே உள்ளவற்றை விவாதியுங்கள்.

1. "அவருக்கே தெரியாது, பாவம்" என்று நாம் எப்போதெல்லாம் சொல்லியிருக்கிறோம்? அதனால் யாருக்கு நஷ்டம் வந்தது?

2. கடன் பத்திரத்தில் குடும்பத்தாரின் கையெழுத்தைக் காலையில், தெளிவான நிலையில் மட்டும் வாங்குவது என்று குழுவில் தீர்மானம் போடலாமா?

3. மருத்துவர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கும் உறுப்பினர்கள் இருந்தால், கிராம சுகாதார செவிலியரிடம் அழைத்துப் போக யார் முன்வருவீர்கள்?

4. அடி, உதை நடந்தால் தேதியோடு எழுதி வைக்க, எழுதத் தெரியாத உறுப்பினருக்கு யார் துணை?

என்ன முடிவு எடுத்தீர்கள் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள்.